எங்கள் ஓ.டி.க்குக் காலிங் பெல் வந்த கதை

1. ஐடி கார்டு

சாதிக் எங்கள் துறையில் சேர்ந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காரணம், அன்றைக்கே எனக்கு அவரைப் பிடிக்காமல் போய்விட்டது.

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். மயக்க மருத்துவத்தில் எம்.டி. படிக்க அந்த வருடம் ஆறு பேர் வந்திருந்தார்கள். முதுகலை மாணவர்களை நாங்கள் பிஜி என்றுதான் சொல்வோம். அப்போது நான் இணைப் பேராசிரியர். பிஜிக்களின் டியூட்டி, லாக்புக், அரையாண்டு மதிப்பீடு எல்லாம் என் பொறுப்பில் இருந்தன.

வரிசையாகப் பெயர் கேட்டுக்கொண்டே வந்தேன். ஐந்து பேர் சொன்னார்கள். ஆறாவதாக நின்றவர் வாயைத் திறந்தார், மூடினார், பிறகு கழுத்தில் தொங்கிய ஐடி கார்டைத் தூக்கி எனக்குக் காட்டினார்.

"ஏன், பேர் சொல்ல மாட்டீங்களா?"

அவர் கார்டைப் பிடித்தபடியே நின்றார். பக்கத்தில் நின்ற வித்யா, "சாதிக், மேடம்" என்றார்.

திமிர் என்று முடிவு கட்டிவிட்டேன். நான் பிஜியாக இருந்த காலத்தில் பேராசிரியர் எங்கள் பெயரைக் கேட்டால் அப்பா பெயர், ஊர் எல்லாம் சேர்த்துச் சொல்வோம். இவர் கார்டைக் காட்டுகிறார்.

வேலையில் குறை சொல்ல முடியாது. ஆறு மாதத்திலேயே கை நன்றாகப் படிந்துவிட்டது. முதுகில் ஸ்பைனல் ஊசி போடுவதில் பெரும்பாலும் முதல் குத்திலேயே சரியான இடத்தைப் பிடித்துவிடுவார். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து மெஷினைச் சரிபார்த்துவிடுவார். ஆனால் வகுப்பில் வாய் திறக்க மாட்டார். கேஸ் பற்றிப் பேசும் முறை வந்தால் வித்யாவோடு மாற்றிக்கொள்வார். கேள்வி கேட்டால் ஒரு சொல்லில் பதில் வரும். அதுவும் பல நேரம் நான் பாதியை எடுத்துக்கொடுத்து, "அதானே சொல்ல வர்றீங்க?" என்றால் தலையாட்டுவார். வேலை முடிந்தது என்று நானும் அடுத்தவரிடம் போய்விடுவேன்.

2. மூன்று முறை அடித்த போன்

சாதிக் இரண்டாம் வருடத்தில் இருந்தபோது நடந்தது இது. காலை பதினோரு மணி இருக்கும். மெயின் ஓ.டி.யில், அதாவது ஆபரேஷன் தியேட்டரில், அன்றைய ஆபரேஷன் லிஸ்ட் நடந்துகொண்டிருந்தது. மொபைலை லாக்கரில் வைத்துவிட்டு உள்ளே போவது என் வழக்கம். என்னிடம் பேச வேண்டுமானால் வராந்தாவில் இருக்கும் இன்டர்காமில்தான் கூப்பிட வேண்டும். அதற்கும் ஒரு விதி வைத்திருந்தேன். கேஸ் பற்றி டாக்டர்தான் பேச வேண்டும். சிஸ்டர்களோ டெக்னீஷியன்களோ பேசினால், "டாக்டரைப் பேசச் சொல்லுங்க" என்று வைத்துவிடுவேன். தகவல் கைமாறி வந்தால் தப்பாகும் என்பது என் எண்ணம்.

இன்டர்காம் அடித்தது. எடுத்தேன். "ஹலோ" என்றேன். எதிர்முனையில் சத்தமில்லை. வைத்துவிட்டேன். மறுபடி அடித்தது. மறுபடியும் சத்தமில்லை. மூன்றாவது முறை அடித்தபோது, "யாருங்க இது? வேலை நேரத்துல விளையாடுறீங்களா?" என்று கத்திவிட்டு வைத்தேன்.

பத்து நிமிஷம் கழித்து நான்காவது அழைப்பு. பிரசவ ஓ.டி.யிலிருந்து மகப்பேறு மருத்துவர்.

"உங்க பிஜி கேஸை எடுக்க மாட்டேங்கிறார். கேட்டா காரணமும் சொல்ல மாட்டேங்கிறார். பேஷண்டுக்கு ஏற்கெனவே ஒரு சிசேரியன். இப்ப வலி வந்துடுச்சு. எவ்வளவு நேரம் வச்சிருக்கிறது?"

பிரசவ ஓ.டி. அடுத்த கட்டடத்தில் இருந்தது. கோபத்தோடு போனேன். திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண் டேபிளில் படுத்திருந்தார். சாதிக் தலைமாட்டில் நின்றிருந்தார். ஸ்பைனலுக்கு எடுத்துவைத்த ட்ரே தொடப்படாமல் இருந்தது.

"என்ன பிரச்சினை? சொல்லுங்க" என்றேன்.

அவர் கழுத்து நரம்பு புடைத்தது. உதடு ஒரு நிலையில் நின்றுவிட்டது. சத்தம் வரவில்லை.

"பயமா இருந்தா கூப்பிட்டிருக்கணும். இப்படி நின்னா எப்படி?"

அவர் அந்தப் பெண்ணை மெதுவாக இடதுபக்கம் திரும்பிப் படுக்க வைத்தார். தன் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அதன் முனையை அவரே அந்தப் பெண்ணின் மார்பில் ஓர் இடத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

காதில் மாட்டினேன். முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு கேட்டது. இதயத் துடிப்புக்கு நடுவே, தூரத்தில் வண்டி உருளுவதுபோல ஒரு மெல்லிய முரட்டுச் சத்தம். மைட்ரல் வால்வு சுருங்கியிருந்தால் வருகிற சத்தம். அத்தனை மாதச் செக்கப்பில் யாரும் எழுதி வைக்கவில்லை.

"மூச்சு வாங்குமாம்மா?" என்று கேட்டேன்.

"அந்த டாக்டர் தம்பியும் அதைத்தான் கேட்டுச்சு. மாசமா இருந்தா வாங்கத்தானே செய்யும்? ரெண்டு மாசமா ரெண்டு தலகாணி வச்சாத்தான் தூக்கம் வருது."

இளைய டாக்டர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்பைனல் போட்டால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். வால்வு சுருங்கிய இதயம் அதை ஈடுகட்டத் திணறும். அழுத்தத்தை ஏற்ற அவசரமாகத் திரவம் கொடுத்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். வழக்கம்போல ஊசி போட்டிருந்தால் அந்தத் தாய் டேபிளிலேயே போயிருக்கலாம்.

இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தோம். இதய மருத்துவர் வந்து பார்த்தார். முதுகில் வைக்கும் மெல்லிய குழாயான எபிடியூரல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து ஏற்றி, பிற்பகல் இரண்டு மணிக்குச் சிசேரியன் முடிந்தது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தார்கள்.

வெளியே வந்ததும் சாதிக்கிடம், "கண்டுபிடிச்சது பெரிய விஷயம். ஆனா ஏன் எனக்குச் சொல்லல?" என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதில் வரவில்லை. நானும் காத்திருக்கவில்லை.

3. நான் எழுதிய மூன்று வரி

அந்த மாதம் அரையாண்டு மதிப்பீடு எழுத வேண்டியிருந்தது. சாதிக்கின் படிவத்தில் இப்படி எழுதினேன்: "மருத்துவ அறிவும் கைத்திறனும் நன்று. மூத்தவர்களுக்குத் தகவல் தெரிவிப்பதில் அலட்சியம். அவசர நிலையில் தனிப் பொறுப்பு கொடுக்க முடியாது."

எழுதும்போது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் ஒரு படிவத்தில் எழுதும் மூன்று வரி அந்த இடத்தோடு நின்றுவிடாது. அடுத்த சுற்றில் அவருடைய பேட்ச் பிள்ளைகள் இதய அறுவை ஓ.டி.க்கும் ஐ.சி.யு.வுக்கும் போனார்கள். சாதிக்கை ஆபரேஷனுக்கு முந்தைய நாள் நோயாளிகளைப் பரிசோதிக்கும் அறையில் உட்கார வைத்தோம். இரண்டு மாதம் நீண்டு நான்கு மாதமானது. ஜூனியர் பிஜிக்கள் அவரைத் தாண்டி மேலே போனார்கள்.

அவர் இளைத்துக்கொண்டே போனதை நான் பார்த்தேன். பார்த்தும் எதுவும் கேட்கவில்லை. கேன்டீனுக்கு வருவது நின்றுபோனது என்று பிற்பாடுதான் தெரிந்தது. ஒருநாள் எங்கள் துறைத் தலைவர், ஹெச்.ஓ.டி., என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் காட்டினார். படிப்பிலிருந்து விலகிக்கொள்ள அனுமதி கேட்டு சாதிக் எழுதியிருந்தார். சொந்தக் காரணம் என்று மட்டும் இருந்தது. லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போயிருந்தார்.

அன்று பிரசவ ஓ.டி.யில் எனக்கு ஒரு கேஸ். பொறுப்பு நர்ஸ் ரெஜினா சிஸ்டர், வேளாங்கண்ணிக்காரர். ஓ.டி.யில் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசாதவர். கேஸ் முடிந்து நான் நோட்ஸ் எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"சாதிக் டாக்டர் போறாராமே, மேடம்."

"ஆமா சிஸ்டர். என்ன செய்யறது, அவருக்கு இது ஒத்துவரல."

"அந்த வால்வு கேஸ் அன்னைக்கு உங்களுக்கு மூணு வாட்டி போன் வந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

நான் பேனாவை வைத்தேன்.

"அது அவர்தான் மேடம். இதோ இந்த போன்லதான் பேசினாரு. பேசினாருன்னா, பேச்சு வரல. அவருக்குத் திக்கும். நீங்க வைக்க வைக்க மறுபடி மறுபடி அடிச்சாரு. நான் பேசறேன் டாக்டர்னு சொன்னேன். வேணாம், மேடம் என்னைத்தான் பேசச் சொல்வாங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் காட்டினாரு."

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். நீங்கதானே போனை எடுத்தது."

திக்குவாய் என்றால் முதல் எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள் என்றுதான் எனக்குத் தெரியும். சிலருக்குச் சொல் தொண்டையிலேயே அடைத்துக்கொண்டு சத்தமே வராது என்பதும், தன் பெயரைச் சொல்வதுதான் பலருக்கு எல்லாவற்றிலும் கஷ்டம் என்பதும் எனக்குத் தெரியாது. தொண்டையையும் மூச்சுக்குழாயையும் வைத்தே பிழைப்பு நடத்திய எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அன்றே ஹெச்.ஓ.டி.யிடம் போனேன். "மதிப்பீட்டில் நான் எழுதியது தவறு. பிஜி மூன்று முறை தகவல் சொல்ல முயன்றிருக்கிறார். அழைப்பைத் துண்டித்தது நான்" என்று எழுதி, அந்தப் படிவத்தோடு சேர்க்கச் சொன்னேன்.

அவர் படித்துவிட்டு, "இதை ஃபைல்ல வச்சா நாளைக்கு உங்க மேலதானே கேள்வி வரும்? உங்களுக்குப் புரமோஷன் வர்ற நேரம்" என்றார்.

"வந்தா வரட்டும் சார். நடந்தது அதுதானே."

கேள்வி வந்தது. விளக்கம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன். பேராசிரியர் பதவி ஒரு வருடம் தள்ளிப் போனது. அதுதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

4. முத்துப்பேட்டை

"ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரலாமா?" என்று சாதிக்குக்கு மெசேஜ் அனுப்பினேன். அரை நாள் கழித்து, "வாங்க மேடம்" என்று பதில் வந்தது.

சம்பா அறுப்பு முடிந்திருந்த நேரம். திருத்துறைப்பூண்டி தாண்டியும் வயல்களில் வைக்கோல் கட்டும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. முத்துப்பேட்டைக் கடைத்தெருவில் சாதிக்கின் அத்தா பம்ப்செட் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். கடைக்கு மேலேயே வீடு. அவர்தான் கீழே வந்து கூட்டிப் போனார்.

"அவனுக்குச் சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தாங்க. கடைக்கு ஆள் வந்தா அவனை உள்ளே போகச் சொல்லிடுவேன். வர்றவங்க சிரிச்சா அவன் மனசு கஷ்டப்படுமேன்னு. ஒருவேளை நான்தான் கெடுத்துட்டேனோ என்னமோ" என்றார்.

"மயக்க மருந்துத் துறையை ஏன் எடுத்தார்?"

அவர் லேசாகச் சிரித்தார். "பேஷண்ட் தூங்கிடுவாங்க அத்தா, பேச வேண்டியதில்லைன்னு சொன்னான்."

எனக்கும் சிரிப்பு வந்தது. எங்கள் வேலையில் பாதி பேச்சுதான். பயந்து கிடப்பவரைத் தேற்ற வேண்டும், சர்ஜனோடு மல்லுக்கட்ட வேண்டும், ஆபத்து என்றால் குரல் கொடுக்க வேண்டும். அது தெரியாமல் வந்து மாட்டிக்கொண்டிருக்கிறார்.

சாதிக் வந்து உட்கார்ந்தார். அவர் அம்மா டீ வைத்துவிட்டுப் போனார். நான் நேராகவே சொன்னேன். "அந்த போனை நான்தான் வச்சேன். நீங்கன்னு தெரியாது. தெரியாததும் என் தப்புதான். மதிப்பீட்டைத் திருத்தி எழுதிக் கொடுத்துட்டேன். திரும்பி வாங்க."

அவர் பேச ஆரம்பித்தார். சொல் நின்றது. "திரும்பி வந்தா மறுபடி..." என்று நான் எடுத்துக்கொடுத்தேன். அவர் கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். ஒரு பிஜி என்னைக் கையமர்த்தியது அதுதான் முதல் தடவை. காத்திருந்தேன். கடிகாரத்தைப் பார்த்தால் அரை நிமிஷம்கூட இருந்திருக்காது. எனக்கு ரொம்ப நேரமாகத் தெரிந்தது.

"என் வார்த்தையை நீங்க முடிக்காதீங்க, மேடம்" என்றார். "நீங்க முடிக்கிறது நான் சொல்ல வந்தது இல்ல. ஆமான்னு தலையாட்டிட்டுப் போயிடுவேன். இந்த ரெண்டு வருஷத்துல நான் சொன்னதா நீங்க நெனைக்கிறதுல பாதி நான் சொன்னதே இல்ல."

"சரி. இப்ப என்ன சொல்ல வந்தீங்க?"

"போன் வேணாம். ஒரு காலிங் பெல் மாட்டுங்க. போதும்."

5. பெல்

காலிங் பெல் மாட்டுவது பெரிய வேலை இல்லை. ஒவ்வொரு ஓ.டி.யிலும் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச், மெயின் ஓ.டி. வராந்தாவில் ஒரு பலகை. எந்த ஓ.டி.யில் அமுக்கினாலும் அந்த நம்பர் விளக்கு எரியும், மணி அடிக்கும். ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியன் இரண்டே நாளில் முடித்துக் கொடுத்தார்.

விதியை மாற்றுவதுதான் கஷ்டமாக இருந்தது. பெல்லை யார் வேண்டுமானாலும் அமுக்கலாம், டாக்டர்தான் என்றில்லை. அடித்தால் கை ஒழிந்திருக்கும் சீனியர் உடனே போக வேண்டும். எதற்கு என்ற கேள்வியெல்லாம் போன பிறகுதான். "இதுக்கா கூப்பிட்டே?" என்று யாரும் கேட்கக் கூடாது. இந்தக் கடைசி விதிக்குத் துறையில் எதிர்ப்பு இருந்தது. சும்மா சும்மா அமுக்குவார்கள் என்றார்கள்.

சாதிக் திரும்பி வந்தார். ஆனால் பெல்லை முதலில் அமுக்கியது அவர் இல்லை, வித்யா. செமினாரில் அருவிபோலப் பேசுகிற வித்யா. நான் போனபோது ஒரு நோயாளிக்கு ஆக்ஸிஜன் அளவு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. மூச்சுக்குழாயில் போட்ட ட்யூப் சற்று ஆழமாகப் போயிருந்தது. இழுத்துச் சரிசெய்தோம். ஒரு நிமிஷ வேலை.

"நல்ல வேளை, சீக்கிரமா கூப்பிட்டீங்க" என்றேன்.

"போன்னா கூப்பிட்டிருக்க மாட்டேன் மேடம்."

"ஏன்? உங்களுக்குப் பேச என்ன கஷ்டம்?"

"போன்ல நீங்க என்ன ஏதுன்னு கேப்பீங்க. தெரியலன்னு சொன்னா, ரெண்டாம் வருஷத்துல இதுகூடத் தெரியாதாம்பீங்க. அதுக்குப் பயந்துக்கிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம், இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம்னு இருந்துடுவோம். எல்லாரும் அப்படித்தான் மேடம். சாதிக் மட்டும்தான் மூணு வாட்டி அடிச்சான்."

அந்த வாரம் பிஜிக்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டேன். நடுவில் பேசவில்லை. ஒரு பெண்ணுக்குத் தூக்கம் வருவதில்லை. ஒருவர் ஒவ்வொரு காலையும் ஆஸ்பத்திரி வாசலில் வாந்தி எடுத்துவிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறார். சேர்ந்த நாள் முதல் கேஸ்களைச் சொல்லிக்கொடுத்தேனே தவிர இதையெல்லாம் ஒருநாளும் கேட்டதில்லை. டியூட்டி முடிந்த மறுநாள் கட்டாய ஓய்வு என்று ரோஸ்டரை மாற்றினேன். மதிப்பீடு எழுதும் முன் அந்தப் பிஜியோடு உட்கார்ந்து பேசி, அவருக்குப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போடுவது என்று வைத்துக்கொண்டேன்.

6. வைவா

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய்.

இறுதித் தேர்வில் சாதிக் எழுத்துத் தாளில் நல்ல மார்க் வாங்கினார். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், பெயிலாகிவிட்டார். கூடுதல் நேரம் கேட்டுத் துறையிலிருந்து எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கெட்டவர் இல்லை. உதவி செய்வதாக நினைத்து, சாதிக் திணறும்போதெல்லாம் அவரே சொல்லை எடுத்துக்கொடுத்திருக்கிறார்.

"ஆமான்னுட்டேன் மேடம்" என்றார் சாதிக். "அவர் எடுத்துக்கொடுத்தது தப்பான மருந்து. தப்புன்னு தெரிஞ்சும் ஆமான்னுட்டேன். அந்த நேரத்துக்கு முடிஞ்சா போதும்னு இருந்துச்சு."

பேட்ச் பிள்ளைகள் பாஸாகி வேலைக்குப் போய்விட்டார்கள். வித்யா எங்கள் துறையிலேயே சீனியர் ரெசிடென்ட் ஆனார். கூடப் படித்தவர் போடும் டியூட்டியை சாதிக் ஆறு மாதம் பார்த்தார். இரண்டு பேருக்கும் அது சங்கடம்தான். முதல் வாரம் வித்யா அவர் முகத்தைப் பார்க்காமலே ரோஸ்டரை ஒட்டிவிட்டுப் போனதை நான் பார்த்தேன். பிறகு தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் வித்யா கேள்வி கேட்பதும், சாதிக் முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பதும் வழக்கமானது. பேச்சுப் பயிற்சிக்குத் திருச்சியில் ஒரு நிபுணரிடமும் போய்வந்தார். திக்கல் போய்விடவில்லை. அதை மறைக்கிற பழக்கம்தான் போனது.

அடுத்த தேர்வில் நான்கு தேர்வாளர்களுக்கு முன்னால் உட்கார்ந்ததும், அவர்கள் முதல் கேள்வியைக் கேட்பதற்குள் சாதிக்கே பேசினாராம். "எனக்குத் திக்கும். பதில் தெரியும். நான் முடிக்கிற வரைக்கும் காத்திருங்க." அதைச் சொல்லி முடிக்கவே கொஞ்ச நேரம் ஆனதாம். காத்திருந்தார்கள். பாஸாகிவிட்டார்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்கள் முன்பு, ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனை அறைப் பக்கம் போனேன். சாதிக் அப்போது எங்கள் துறையில் உதவிப் பேராசிரியர். எதிரே ஒரு டிராக்டர் டிரைவர், நீடாமங்கலத்துக்காரர். மறுநாள் அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். முதுகில் ஊசி போடுவார்கள் என்று கேள்விப்பட்டுப் பயந்துபோயிருந்தார். சாதிக் அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். ஒரு சொல்லில் நின்றுவிட்டார். அந்த மனிதர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மெதுவா சொல்லுங்க சார். அறுப்பெல்லாம் முடிஞ்சிடுச்சு, எனக்கு என்ன அவசரம்."

சாதிக் சிரித்துவிட்டார். பிறகு விட்ட இடத்திலிருந்து சொன்னார். ஊசி எங்கே போடுவது, கால் எப்போது மரத்துப்போகும், எப்போது சரியாகும் என்று ஒன்று விடாமல். அந்த மனிதர் கேட்டு முடித்து, "இப்பதான் சார் தைரியம் வந்துச்சு" என்று எழுந்து போனார்.

இத்தனை வருடத்தில் சாதிக் மெதுவாகப் பேசுகிறார் என்று ஒரு நோயாளிகூட என்னிடம் புகார் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. புகாரெல்லாம் எங்களிடமிருந்துதான் வந்தது. இளையவர்களுக்கு மேலே உட்காரப் போகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். உங்கள் பிஜி வாய் திறந்தால், அவர் முடிக்கும்வரை உட்கார்ந்து கேளுங்கள். எனக்கு அதைக் கற்றுக்கொள்ள இருபது வருடத்துக்கு மேல் ஆனது.